6 பிபிசி: குறுந்தூரக் களத்தை வென்ற வைல்ட்கேட் தோட்டா – ஒரு நிகழ்வு ஆய்வு

1973-ல் மேக் மெக்மில்லன் என்ற அமெரிக்கர் 100 கெஜத் தூரத்தில் ஐந்து குண்டுகளைச் சுட்டார். அந்த ஐந்தில் மிக அதிகம் விலகி விழுந்த இரண்டின் மையங்களுக்கு இடையே 0.009 அங்குலம்தான் இருந்தது. கால் மில்லிமீட்டர்கூட இல்லை. நாற்பது ஆண்டுகள் அந்தச் சாதனையை யாராலும் அசைக்க முடியவில்லை. 2013-ல் மைக் ஸ்டின்னெட் 0.0077 அங்குலம் சுட்டு அதைத் தாண்டினார். இந்த இரண்டு சாதனைகளுக்கும் நடுவே, 1975-ல், 6 பிபிசி (6 PPC) என்ற தோட்டா பிறந்தது. ரைஃபிளை மேசையில் தாங்கவைத்துச் சுடும் 100, 200 கெஜ பெஞ்ச்ரெஸ்ட் போட்டிகளில் அது சில ஆண்டுகளிலேயே மற்ற தோட்டாக்களை எல்லாம் ஓரங்கட்டியது. 1980-களில் போட்டி மேசைகளில் அமர்ந்தவர்களில் பெரும்பாலோர் அதையே சுட்டார்கள். இன்றும் நிலைமை பெரிதாக மாறவில்லை.

அப்படிப்பட்ட தோட்டா அந்த நாற்பது ஆண்டுகளில் மெக்மில்லனின் சாதனையை ஏன் முறியடிக்கவில்லை? சாதனையை முறியடிக்காத ஒன்றை உலகின் மிகத் துல்லியமான தோட்டா என்று அத்தனை பேர் நம்பியது எதனால்? இந்த ஆய்வு இந்த இரண்டு கேள்விகளிலிருந்து புறப்படுகிறது. 6 பிபிசியின் வெற்றிக்கு அதன் 'குட்டையான, பருத்த' வடிவமே காரணம் என்ற பேச்சு மிகப் பரவலானது. அந்தப் பேச்சில் பாதி உண்மைதான் இருக்கிறது என்பது என் கருத்து. மீதிப் பாதி, குண்டையும் வெடிமருந்தையும் தாங்கும் பித்தளைக் கூட்டின் அடிப்பகுதியிலும், போட்டி விதிகளிலும், ஒவ்வொரு கூட்டையும் ஒரே ஒரு சேம்பருக்காக, அதாவது குழலின் பின்முனையில் தோட்டா அமரும் ஒரே ஒரு அறைக்காக, செய்து முடிக்கும் கைவேலையிலும் இருக்கிறது.

எதை அளக்கிறோம்

பெஞ்ச்ரெஸ்ட்டில் ரைஃபிளைத் தோளில் தாங்கிக் குறி வைப்பதில்லை. கனமான மேசை ஒன்று இருக்கும். முன்புறம் உயரத்தையும் பக்கவாட்டையும் திருகித் திருத்தக்கூடிய தாங்கி, பின்புறம் மணல் நிரப்பிய பை. மனிதக் கையின் நடுக்கத்தை முடிந்த அளவு விலக்கிவிட்டு, ரைஃபிளும் தோட்டாவும் காற்றைப் படிக்கும் கண்ணும் சேர்ந்து என்ன செய்ய முடியும் என்று பார்க்கிற விளையாட்டு இது. ஐந்து குண்டுகள் சேர்ந்தது ஒரு குரூப். மிகத் தொலைவில் விழுந்த இரண்டு குண்டுகளின் மையங்களுக்கு இடையே உள்ள தூரம்தான் அதன் அளவு.

வெற்றியை முடிவு செய்வது ஒற்றைக் குரூப் அல்ல. வழக்கமாக ஐந்து குரூப்களின் சராசரியே கணக்கு. போட்டியாளர்கள் இதை 'அக்' என்கிறார்கள். ஒரு குரூப்பில் அதிர்ஷ்டத்துக்கு நிறைய இடம் உண்டு. ஒரே ரைஃபிள், ஒரே வெடிமருந்து, ஒரே ஆள், ஒரே காலை வேளை. அடுத்தடுத்த இரண்டு குரூப்களில் ஒன்று மற்றொன்றைப் போல இரண்டு மடங்கு பெரிதாக வருவது சாதாரணம். ஐந்து புள்ளிகளின் விளிம்புகளை மட்டும் பார்க்கும் எந்த அளவும் அப்படித்தான் தாவும். ஆண்டுதோறும் எத்தனையோ பேர் எத்தனையோ குரூப்களைச் சுடும்போது, எங்கோ ஒருவருக்கு எல்லாம் ஒரே புள்ளியில் வந்து சேர்ந்துவிடும். உலகச் சாதனைக் குரூப் அப்படி அரிதாகக் கூடிவந்த ஒரு கணம். அதைச் சுட்டவரின் திறமையில் எனக்குத் துளியும் ஐயமில்லை. ஆனால் தோட்டாவை எடைபோட அது போதாது.

சராசரியில் ஒளிந்துகொள்ள இடமில்லை. ஐந்து குரூப்களில் நான்கு அருமையாக வந்து ஒன்று சிதறினால் பட்டியலில் கீழே போய்விடுவோம். 6 பிபிசி மாற்றியது இந்தச் சராசரியைத்தான். இன்று 100 கெஜத்தில் முன்னணியில் இருப்பவர்களின் சராசரி 0.2 அங்குலத்துக்குக் கீழே இறங்குவது பழகிப்போன செய்தி. நூறு கெஜத்தில் ஒரு கோண நிமிடம் என்பது 1.047 அங்குலம், அதில் ஐந்தில் ஒரு பங்கை, ஒரு முறை அல்ல, நாள் முழுக்கத் தக்கவைக்க வேண்டும்.

முன்கதை

வைல்ட்கேட் என்றால் தொழிற்சாலை செய்து விற்காத தோட்டா. ஏற்கெனவே உள்ள ஒரு கூட்டை எடுத்து, கழுத்தைச் சுருக்கியோ விரித்தோ, கழுத்தும் உடலும் சேரும் சரிவான தோளின் கோணத்தை மாற்றியோ, உடலின் சாய்வைக் குறைத்தோ சுடுபவரே ஆக்கிக்கொள்வது. ரைஃபிளின் சேம்பரையும் அதற்கென்றே செய்த ரீமர் என்ற குடைகருவி கொண்டு வெட்ட வேண்டும்.

பெஞ்ச்ரெஸ்ட்டின் தொடக்க காலம் வைல்ட்கேட்களின் காலமாகவே இருந்தது. ஹார்வி டொனால்ட்சன் உருவாக்கிய .219 டொனால்ட்சன் வாஸ்ப் அவற்றில் புகழ்பெற்றது. விளிம்புள்ள .219 சிப்பர் கூட்டைக் குறுக்கி அதைச் செய்தார்கள். பிறகு 1950-ல் ரெமிங்டன் .222 ரெமிங்டனை வெளியிட்டது. வடிவமைத்தவர் மைக் வாக்கர். வேறெந்தக் கூட்டையும் அடியொற்றாமல் புதிதாகவே வரைந்தார். கடையில் வாங்கக்கூடிய இந்தத் தோட்டா, கைவேலையில் உருவான வைல்ட்கேட்களை ஒவ்வொன்றாகப் போட்டியிலிருந்து வெளியேற்றியது. இருபது ஆண்டுகளுக்கு மேல் பெஞ்ச்ரெஸ்ட்டின் அரசன் அதுதான்.

வைல்ட்கேட் ஆர்வலர்கள் இந்தக் கட்டத்தை அவசரமாகத் தாண்டிப்போவார்கள். நான் இங்கே கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். வைல்ட்கேட் என்பதாலேயே ஒரு தோட்டா துல்லியமாகிவிடாது. .222 ரெமிங்டன் ஒரே தரத்தில் ஏராளமாகக் கிடைத்தது. பொருத்தமான மருந்தும் குண்டும் அதைச் சுற்றி வளர்ந்தன. சீரான கூடு எளிதில் கிடைப்பது எவ்வளவு பெரிய பலம் என்பதை அந்த இருபது ஆண்டுகள் காட்டின. அடுத்து வந்த வைல்ட்கேட் வென்றது என்றால், அதே பலத்தை வேறு வழியில் அது பெற்றிருக்க வேண்டும்.

இருவர், ஒரு ரஷ்யக் கூடு

லூயிஸ் பால்மிசானோ ஒரு மருத்துவர். ஃபெரிஸ் பிண்டெல் கருவிகளும் அச்சுகளும் செய்வதில் தேர்ந்த தொழிலாளர். இருவரின் பெயரும் சேர்ந்ததுதான் பிபிசி. அவர்கள் எடுத்துக்கொண்டது .220 ரஷ்யன் என்று அமெரிக்காவில் அழைக்கப்பட்ட சோவியத் வேட்டைத் தோட்டாவின் கூடு. அதுவே 7.62x39 ராணுவத் தோட்டாவின் கூட்டைக் கழுத்தில் சுருக்கியதால் வந்தது. ஆக, ராணுவத் துப்பாக்கிகளுக்காகப் பிறந்த கூடு, மான் வேட்டை வழியாக, உலகின் மிக நுணுக்கமான சுடு மேசைக்கு வந்து சேர்ந்தது.

அவர்கள் செய்த மாற்றங்களைச் சொல்வது எளிது. கழுத்தை .224 அங்குலக் குண்டிலிருந்து .243 அங்குலக் குண்டுக்கு விரித்தார்கள். உடலின் சாய்வைக் குறைத்தார்கள். தோளை முன்னே தள்ளி 30 பாகைக் கோணத்தில் நிறுத்தினார்கள். கழுத்தை விரிக்காமலே விட்ட 22 பிபிசியும் உடன் பிறந்தது. .222 ரெமிங்டனின் கூடு 1.700 அங்குல நீளம். பிபிசி 1.515 அங்குலத்துக்குள் அடங்கியது. ஆனால் அடியில் அது கணிசமாகத் தடித்தது. .222-இன் விளிம்பு .378 அங்குலம், பிபிசியுடையது .445. இதனால், கூட்டின் அடியைப் பிடித்துச் சேம்பரை மூடும் பழைய போல்ட்கள் பொருந்தவில்லை. முகப்பை அகட்ட வேண்டியிருந்தது, அல்லது புதிய போல்ட் செய்ய வேண்டியிருந்தது. ஒரு தோட்டாவுக்காக ரைஃபிளின் ஆக்ஷனையே, அதாவது போல்ட் இயங்கும் பகுதியையே, திருத்தத் துப்பாக்கிக் கம்மியர்கள் முன்வந்தார்கள் என்பதே அதன் மீது எவ்வளவு விரைவாக நம்பிக்கை பிறந்தது என்பதைக் காட்டும்.

ஏன் 6 மில்லிமீட்டர்? கனமான குண்டு காற்றில் குறைவாக விலகும் என்பது ஒரு காரணம். பிபிசி ஏறத்தாழ 68 கிரெய்ன் எடையுள்ள குண்டை வினாடிக்கு 3,200 முதல் 3,400 அடி வரையான வேகத்தில் செலுத்தும். .222 வழக்கமாகச் சுட்ட 50, 52 கிரெய்ன் குண்டை விட இது காற்றுக்குக் கூடுதலாகத் தாங்கும். இன்னொரு காரணம் விதிப்புத்தகத்தில் இருந்தது. லைட் வார்மின்ட் பிரிவில் ரைஃபிள் 10.5 பவுண்டுக்கு மேல் இருக்கக்கூடாது. ஹெவி வார்மின்ட் பிரிவில் 13.5 பவுண்டு வரை. ஸ்போர்ட்டர் பிரிவிலும் 10.5 பவுண்டுதான், ஆனால் குழலின் உள்விட்ட அளவு .23 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. .22 குழலோடு ஸ்போர்ட்டர் பிரிவில் நுழைய முடியாது. 6 மில்லிமீட்டர் என்றால் ஒரே ரைஃபிளை, ஒரே கூடுகளை, ஒரே பழக்கத்தை மூன்று பிரிவுகளுக்கும் கொண்டுபோகலாம். 22 பிபிசி தன் உடன்பிறப்பின் நிழலிலேயே தங்கிப்போனதில் இந்த விதிக்குப் பங்கு உண்டு. தோட்டாவின் வரலாற்றை எழுதுபவர்கள் இயற்பியலைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள், எடைப் பிரிவுகளைப் பற்றி அவ்வளவாக எழுதுவதில்லை.

கூடு செய்வது

1980-களின் பிற்பகுதியில் பின்லாந்தின் சாக்கோ நிறுவனம் 6 பிபிசிக்கு ரைஃபிள்களையும் தோட்டாக்களையும் தயாரிக்கத் தொடங்கியது. வரையறைப்படி பார்த்தால் அன்றே அது வைல்ட்கேட் என்ற நிலையைக் கடந்துவிட்டது. ஆனால் போட்டியாளர்கள் இன்றும் .220 ரஷ்யன் கூட்டை, பெரும்பாலும் லாப்புவா நிறுவனம் செய்ததை, வாங்கித் தாங்களே உருமாற்றுகிறார்கள். அவர்களுடைய சேம்பர் தொழிற்சாலையின் சேம்பர் அல்ல. தொழிற்சாலைத் தோட்டாவை இறுக்கமான போட்டி சேம்பரில் போட்டுச் சுடுவது ஆபத்து என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

முதல் வேலை கழுத்தை விரிப்பது. மெழுகு அல்லது மசகு தடவிய மாண்ட்ரல் என்ற உருளைக் கம்பி ஒன்றைக் கழுத்துக்குள் செலுத்துவார்கள். கழுத்துச் சுவரின் தடிமன் சுற்றிலும் சமமாக இருக்காது. மாண்ட்ரல் உட்புறத்தை வட்டமாக்கிவிடுவதால், ஏற்றத்தாழ்வு முழுவதும் வெளிப்புறத்துக்குத் தள்ளப்படும். வெளிப்புறத்தை வெட்டுவது எளிது. விரித்த பிறகு சீவுவதற்கு இதுதான் காரணம்.

கழுத்தைச் சீவுவது இந்தக் கலையின் நெஞ்சுப் பகுதி. பெஞ்ச்ரெஸ்ட் சேம்பர்களில் கழுத்துப் பகுதி பெரும்பாலும் .262 அங்குலத்துக்கு வெட்டப்பட்டிருக்கும். குண்டு .243. கழுத்துச் சுவரை .0085 அங்குலத்துக்குச் சீவினால், இரு பக்கமும் சேர்த்து .017, குண்டு ஏற்றிய கழுத்தின் வெளிவிட்டம் .260. சேம்பருக்கும் கழுத்துக்கும் இடையே மொத்தம் .002 அங்குல இடைவெளி. இந்த இடைவெளியில்தான் எல்லாம் இருக்கிறது. அது பெரிதானால் குண்டு குழலின் அச்சிலிருந்து சாய்ந்து தொடங்க இடம் கிடைக்கும். அது இல்லாமலே போனால் சுடும்போது கழுத்து விரிய முடியாது, குண்டை விடாது, அழுத்தம் கட்டுமீறி ஏறும். சீவாத கழுத்தை இறுக்கமான சேம்பரில் பயன்படுத்தி ரைஃபிளையும் கண்ணையும் இழக்க முடியும். அதனால் ஒவ்வொரு புதிய தொகுதிக் கூட்டிலும் குண்டு ஏற்றிய கழுத்தை மைக்ரோமீட்டரால் அளந்த பின்னரே அது சேம்பருக்குள் போக வேண்டும். சேம்பர் விட்டத்தை ரீமரின் வரைபடத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். குழலில் பொறித்திருக்கும் எண்ணும் உதவும். ஊகம் இங்கே செல்லாது.

சீவும் வெட்டுக்கருவி தோளுக்குள் மயிரிழை அளவு இறங்க வேண்டும். அதற்கு முன்பே நின்றுவிட்டால் கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் தடித்த வளையம் மிஞ்சும். 'டோனட்' என்பார்கள். குண்டின் அடி அந்த வளையத்தில் அமர்ந்தால் பிடிப்பு கூட்டுக்குக் கூடு மாறும்.

அடுத்தது சுட்டு வடிவமைத்தல், ஃபயர் ஃபார்மிங். விரித்த .220 ரஷ்யன் கூட்டின் தோள் பிபிசி சேம்பரின் தோளைத் தொடாது. கூட்டுக்கு முன்னே தாங்கல் இல்லை. அப்படியே சுட்டால் தீமுள் என்ற அடிக்கும் ஊசி அதை முன்னே தள்ளும், பிறகு அழுத்தம் அதைப் பின்னே இழுக்கும். அடிப்பகுதிக்குச் சற்று மேலே உலோகம் நீண்டு மெலியும். பிற்பாடு கூடு அங்கேதான் அறுந்துபோகும். இதைத் தவிர்க்க, குண்டைச் சற்று நீட்டி ஏற்றி, போல்ட்டை மூடும்போது அது குண்டைச் சுழலவைக்கக் குழலின் உள்ளே வெட்டிய திருகுவரிகளில் அழுந்தி நிற்கும்படி செய்கிறார்கள். குண்டே கூட்டின் அடியைப் போல்ட்டோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். சுட்டதும் பித்தளை சேம்பரின் சுவரை நோக்கி விரிந்து, கூர்மையான 30 பாகைத் தோளோடு வெளியே வரும். நீளம் கொஞ்சம் குறைந்திருக்கும். தோளுக்கும் உடலுக்கும் போன உலோகம் அங்கிருந்துதான் வந்தது. பிறகு எல்லாக் கூடுகளையும் ஒரே நீளத்துக்கு வெட்டி வாயைச் சீராக்குவார்கள். பலர் தேய்ந்த பழைய குழல் ஒன்றை இந்த வேலைக்கென்றே வைத்திருக்கிறார்கள். நல்ல குழலின் ஆயுளைக் கூடு செய்வதில் வீணாக்க மனம் வராது. அந்தப் பழைய குழலும் அதே ரீமரால் வெட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

மருந்தின் எடைகளை இந்த ஆய்வில் நான் தரவில்லை, காரணத்தோடுதான். வைல்ட்கேட்டில் இரண்டு பேரின் ரீமர் ஒன்றாக இருப்பதில்லை. ஒருவருக்குப் பாதுகாப்பான அளவு இன்னொருவருக்குப் பாதுகாப்பற்றது. வெளியிடப்பட்ட கையேடுகளின் தொடக்க அளவிலிருந்து மேலே போவதுதான் முறை. தட்டையாகும் பிரைமர் (கூட்டின் அடியில் அமர்ந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு பகுதி), விறைத்துப்போகும் போல்ட் கைப்பிடி, கூட்டின் அடியில் பதியும் பளபளப்பான தடம் ஆகியவை நிறுத்தச் சொல்லும் குறிகள்.

தீத்துளையும் பிரைமரும்

குட்டையான, பருத்த கூட்டுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் இது: மருந்து நீண்ட தூணாக நிற்காமல் குறுகிய உயரத்தில் அகலமாக நிற்கிறது, பிரைமரின் சுடர் அதன் பெரும்பகுதியை ஒரே நேரத்தில் தொடுகிறது, எரிதல் சீராகிறது, குண்டுக்குக் குண்டு வேகம் மாறாது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. உண்மையில் வடிவத்துக்குப் பங்கு இருக்கலாம் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அந்தக் கூடு வடிவத்தோடு மட்டும் வரவில்லை.

.220 ரஷ்யன் கூட்டில் சிறிய ரைஃபிள் பிரைமர் பொருந்தும். பிரைமர் குழியிலிருந்து மருந்துக்குச் செல்லும் தீத்துளை சுமார் 1.5 மில்லிமீட்டர், மற்றக் கூடுகளில் வழக்கமாக அது 2 மில்லிமீட்டர். பழைய பிரைமரைத் தட்டி எடுக்கும் ஊசியைக்கூட இதற்கென்று மெலிதாக வாங்க வேண்டும், இல்லையென்றால் துளையில் சிக்கி உடையும். சிறிய பிரைமர் என்பதால் அதைச் சுற்றி அதிகப் பித்தளை நிற்கிறது. உயர் அழுத்தத்தில் பல முறை சுட்டாலும் பிரைமர் குழி சீக்கிரம் தளர்ந்துவிடாது. போட்டியாளர் பதினைந்து, இருபது கூடுகளையே நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப ஏற்றுகிறார். இருபதாவது முறையும் முதல் முறையைப் போலவே இருக்கும் கூடு அவருக்கு எந்தக் கோணத் தோளையும் விட மதிப்பானது.

இதைச் சோதித்துப் பார்க்க வேறு ஒரு சாட்சியும் இருக்கிறது. 6 மில்லிமீட்டர் பிஆர் நார்மா என்ற வேறொரு தோட்டாவின் கூட்டை லாப்புவா செய்யும்போது அதிலும் சிறிய பிரைமர், சிறிய தீத்துளை. அந்தக் கூடு .308 குடும்பத்தின் அகன்ற அடியைக் கொண்டது, பிபிசியை விடப் பெரியது. ஆனாலும் அதிலிருந்து பிறந்த வைல்ட்கேட்கள் வேறு வகைப் போட்டிகளை வென்றிருக்கின்றன. இரண்டு குடும்பங்களுக்கும் அளவுகள் வேறு. பொதுவாக இருப்பது குட்டையான உடல், சிறிய பிரைமர், சிறிய தீத்துளை, மிக உயர்ந்த பித்தளைத் தரம். இந்த நான்கில் ஒன்றை மட்டும் தனியாகப் பிரித்து அதற்கு முழுப் புகழையும் கொடுக்க என்னால் முடியவில்லை.

ஸ்டின்னெட் 2013-ல் சுட்டதும் இந்த வரிசையில்தான் வருகிறது. அவருடையது 30 ஸ்டூவர்ட் என்ற வைல்ட்கேட், 6.5 கிரென்டெல் என்ற தோட்டாவின் கூட்டிலிருந்து செய்தது. கிரென்டெலோ பிபிசி வழியாக .220 ரஷ்யன் குடும்பத்தைச் சேர்ந்தது. விட்டம் 6 மில்லிமீட்டரிலிருந்து .30 அங்குலத்துக்குத் தாவியபோதும் அடிக்கூடு மாறவில்லை.

மேசையில்

கூடு தயாரானதும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் ஒரு போட்டியைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். குறுந்தூர பெஞ்ச்ரெஸ்ட்டில் தோட்டாவை வீட்டில் நிரப்பிக் கொண்டுவருவது வழக்கமில்லை. களத்திலேயே, இரண்டு சுற்றுகளுக்கு நடுவே கிடைக்கும் நேரத்தில், சின்ன அழுத்துக்கருவியும், சுட்ட கூட்டை மீண்டும் அளவுக்குக் கொண்டுவரும் கையளவு டைகளும் வைத்து நிரப்புகிறார்கள். காலையில் கூட்டிய அளவு நண்பகலில் பொருந்தாமல் போகலாம் என்பதே காரணம். பிபிசியோடு பெரும்பாலும் பயன்படும் விட்டாவுரி என்133 மருந்து வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும் முகம் மாற்றும். குழலின் அதிர்வோடு குண்டு வெளியேறும் நேரம் ஒத்துப்போகும்வரை குரூப் வட்டமாக இருக்கும். ஒத்துப்போகாதபோது அது நிமிர்ந்து நீளும். பழகியவர்கள் குரூப்பின் வடிவத்தைப் பார்த்தே பேசுவார்கள்: மேலும் கீழுமாக விரிந்தால் அளவைத் தொட வேண்டும், பக்கவாட்டில் விரிந்தால் காற்றைத் தவறவிட்டிருக்கிறோம். ஐந்து பதிவுக் குண்டுகளுக்கும் காற்றைச் சோதிக்கும் குண்டுகளுக்கும் சேர்த்து ஏழு நிமிடம். களம் முழுக்க நட்டுவைத்த காற்றுக்கொடிகளின் ஒரே நிலைக்காகக் காத்திருந்து, அது வந்ததும் சடசடவென்று ஐந்தையும் சுட்டுவிடுபவர்கள் உண்டு.

மருந்தை அவர்கள் எடை போடுவதில்லை. அளவுக்கருவியின் கைப்பிடியைத் திருப்பிக் கனஅளவாகவே ஊற்றுகிறார்கள். ஒவ்வொரு கூட்டிலும் சின்ன வித்தியாசம் வரத்தான் செய்யும். 100 கெஜத்தில் அது பெரிதாகத் தெரியாது. வினாடிக்கு 10 அடி வேக மாற்றம் பிபிசி குண்டின் விழுதலை ஏறத்தாழ நூறில் ஒரு அங்குலம்தான் மாற்றும். அதே நேரத்தில் அளவு அதிர்வோடு ஒத்துப்போன இடத்தில் இருந்தால், சின்ன மாற்றத்தைக் குழலே விழுங்கிவிடும்.

டையைப் பொறுத்தவரை பழக்கமே மாறிவிட்டது. ஒரு காலத்தில் கழுத்தை மட்டும் இறுக்குவதே துல்லியம் என்ற நம்பிக்கை இருந்தது. சேம்பரோடு முழுக்க ஒட்டிய கூடு போல்ட்டை முறுக்கி, ரைஃபிளை மேசையில் அசைத்துவிடுகிறது என்று பின்னர் கண்டார்கள். இப்போது பெரும்பாலோர் முழு உடலையும் டையில் இறக்குகிறார்கள், ஆனால் தோளை ஆயிரத்தில் ஒரு அங்குலம் மட்டுமே பின்தள்ளும்படி. அந்த டையும் சேம்பர் ரீமருக்கு இணையாக வரைந்து வாங்கியதாக இருக்கும்.

பிபிசி வெல்லாத இடங்கள்

ஸ்கோர் போட்டிகளில் விதி வேறு. வட்டத்தின் கோட்டைக் குண்டுத்துளையின் விளிம்பு தொட்டாலே உயர்ந்த மதிப்பெண். .308 அங்குலக் குண்டின் விளிம்பு .243 குண்டின் விளிம்பை விட மையத்திலிருந்து .0325 அங்குலம் வெளியே நிற்கும். இத்தனை சின்ன எண்ணுக்காக யாரும் தோட்டாவை மாற்றுவார்களா என்று தோன்றலாம். மாற்றினார்கள். 6 மில்லிமீட்டர் பிஆர் கூட்டின் கழுத்தை .30-க்கு விரித்த 30 பிஆர் அங்கே கோலோச்சுகிறது. மையத்துக்கு மையம் அளக்கும் குரூப் போட்டியில் பெரிய துளைக்கு எந்தச் சலுகையும் இல்லை. அங்கே பிபிசி தன் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

600, 1,000 கெஜங்களில் பிபிசியின் இலகுவான குண்டு காற்றுக்கு இரையாகும். நீண்ட, கனமான குண்டுகள் வேண்டும், அவற்றைச் சுழற்ற வேகமான திருகுவரி வேண்டும். பிபிசி குழல்களில் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று போன்ற மெதுவான திருகு போதும். சமதள அடிகொண்ட குட்டைக் குண்டுகளுக்கு அதுவே ஏற்றது. நெடுந்தூரத்தில் பிஆர் கூட்டின் தோளை ஏறத்தாழ பத்தில் ஒரு அங்குலம் முன்னே தள்ளி 40 பாகைக்கு நிமிர்த்திய 6 டாஷர் பெயர் பெற்றது. சுட்டு வடிவமைக்கும் முறை பிபிசியுடையதுதான், தோள் நகர வேண்டிய தூரம் மட்டும் அதிகம். அதனால் குண்டை வரிகளில் அழுத்திப் பிடிப்பதோ, கழுத்தை விரித்துப் போலித் தோள் ஒன்றை உண்டாக்கிப் பிடிப்பதோ இங்கே இன்னும் கவனமாக நடக்கிறது.

மருந்தை ஊற்றும் பழக்கம் இங்கே அடியோடு மாறுகிறது. குண்டின் வேகத்தில் வினாடிக்கு 10 அடி வித்தியாசம் வந்தால் 1,000 கெஜத்தில் அது இரண்டு அங்குலத்துக்கு மேல் ஏறியோ இறங்கியோ விழும். நெடுந்தூரக்காரர்கள் ஒவ்வொரு நிரப்பையும் நுண்தராசில் வைத்து, கடைசியில் மருந்துத் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டு முடிக்கிறார்கள். அதையும் வீட்டிலேயே, அவசரமில்லாமல் செய்துகொண்டு வருகிறார்கள்.